ஏழு புள்ளி நான்கு

அன்று காலை அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

கிரேன்காரர் ஜன்னலைப் பார்த்தார். மகள் செல்போனைப் பார்த்தாள். கிரேன்காரரின் மனைவி இவர்கள் இருவரையும் பார்க்காமல் இருப்பதற்காகச் சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரமாக வீடு இப்படித்தான் இருந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டையாக இருந்தால் சமையலறையில் ஒரு பாத்திரமாவது சத்தம் போட்டிருக்கும்.

விஷயம் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை கண், காது, ரத்தம் எல்லாம் பார்த்தாக வேண்டும் என்பது கம்பெனி விதி. ஐம்பது தாண்டியவர்களுக்கு அந்த ரத்தத்திலேயே கூடுதலாக ஒரு சோதனை. பி.எஸ்.ஏ. என்று மூன்று எழுத்து. புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருந்தால் அந்த எண் ஏறும். அவருக்கு ஏறியிருந்தது. பன்னிரண்டு இடத்தில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு துணுக்கில் புற்று இருந்தது.

“சின்னது. சோம்பேறி ஜாதி” என்றார் டாக்டர். “இப்பவே வெட்ட வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கிட்டே வருவோம். வாலாட்டினா அப்போ கவனிச்சுக்கலாம்.”

மூன்று தடவை பார்த்தாயிற்று. ஐந்து புள்ளி நான்கு, ஐந்து புள்ளி ஏழு, ஐந்து புள்ளி ஆறு. நாலாவது தடவை ஏழு புள்ளி நான்கு.

“நல்லவேளை, ஏழரை ஆகலை” என்று அன்றைக்குக் கிரேன்காரர் ஜோக் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் உட்பட.

டாக்டர் போனில் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். கிரேன்காரர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “குத்தினது போதும் டாக்டர். சுரப்பியையே எடுத்துடுங்க. தேதி சொல்லுங்க” என்றார். போனை வைத்தார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், “அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி” என்றார், ஏதோ சிமெண்ட் லோடு வருகிற தேதியைச் சொல்வதுபோல.

அவள் மடித்து முடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

கிரேன்காரர் கல் மனசுக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அறுபது மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டில், காலையிலிருந்து மாலை வரை கம்பியும் கான்கிரீட்டும் தூக்கிக்கொடுக்கிற வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏணி. ஏறினால் மதியம்தான் இறங்குவார். கூண்டில் கழிப்பறை கிடையாது, ஒரு பாட்டில் உண்டு. வேலைத்தளத்தில் அவர் பெயர் ‘மேல்மாடி’. கீழேயிருந்து யாராவது வாக்கிடாக்கியில், “மேல்மாடி காலியா?” என்று கேட்டால், “ஆள் இருக்கு, மூளை லீவு” என்று பதில் வரும். அப்படிப்பட்ட மனிதர்.

அவர் மனைவி நகரப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். எந்த நடைமேடையில் எந்த வண்டி, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஒலிபெருக்கியில் பேசுவாள். அவளுக்கு வீட்டில் ‘மைக்கு’ என்று பெயர். சூட்டியவர் கிரேன்காரர்.

மகள் ‘மேடம்’. வீட்டுச் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், பெட்டிக்குள்ளே வருகிற ‘பயன்படுத்தும் முறை’ புத்தகம் எழுதுவது அவள் வேலை. உலகத்தில் யாரும் படிக்காத எழுத்தாளர் என் பெண்தான் என்று அப்பா கேலி செய்வார். ஆனால் வியாதி வந்த பிறகு அவள் எழுதியதை அந்த வீடு வரி பிசகாமல் படித்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பொடி எழுத்துத் தாள்களை எல்லாம் எண் போட்டு, பெரிய எழுத்தில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவாள். ‘ரத்தம் கொடுக்கும் முன்’ என்று ஒரு தாள். ஒன்று, இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டாம். இரண்டு, காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் சொல்லவும். மூன்று, போதுமான தண்ணீர் குடிக்கவும். நான்கு, பழைய ரிப்போர்ட்டை மறக்க வேண்டாம்.

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற மனிதர், அந்தத் தாளுக்கு மரியாதை கொடுத்து, சோதனைக்கு முந்தின இரண்டு நாளும் பஸ்ஸில் போனார். அவ்வளவு சுத்தம்.

“மேடம், இன்னிக்கு என்ன புரோகிராம்?” என்றார் வாடகைக் காரில் ஏறியதும்.

“நர்ஸ் கிளாஸ் எடுப்பாங்கப்பா. ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன செய்யணும், பின்னாடி என்ன நடக்கும்னு.”

“பரீட்சை உண்டா?”

“உண்டு. ஃபெயிலானா ஆபரேஷன் கிடையாது.”

“அப்போ உங்கம்மா நான் ஃபெயிலாகணும்னு வேண்டிக்கிட்டு வருவா.”

முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. “நான் என்ன வேண்டிக்கறேன்னு யாரு கேட்டாங்க” என்றாள், கண்ணாடிக்கு.

ஆஸ்பத்திரி வாசலில் அவளே முதலில் இறங்கினாள்.

நர்ஸம்மாவின் அறை சின்னது. மேஜைமேல் இடுப்புப் பகுதியின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று இருந்தது, கழற்றி மாட்டலாம். பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய், ஒரு அட்டைப்பெட்டி. நர்ஸம்மாவுக்குத் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எதையும் பூசி மெழுகாத முகம்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“கிரேன் ஓட்டறேன்.”

“உட்கார்ந்த வேலைதானே?”

“உட்கார்ந்த வேலைதான். உட்கார்றதுக்கு இருநூத்திப் பன்னிரண்டு படி ஏறணும்.”

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார். “சரி, ஒளிக்காம சொல்லிடறேன். பத்து நாள் குழாய் இருக்கும். குழாயை எடுத்ததும் ஒண்ணுக்கு உங்க பேச்சைக் கேக்காது. தும்மினா வரும், சிரிச்சா வரும், படி ஏறினா வரும். நிறைய பேருக்கு மூணு மாசம், ஆறு மாசத்துல கட்டுக்கு வந்துடும். சில பேருக்கு வருஷமாகும். கொஞ்சம் பேருக்கு முழுசா வர்றதில்லை.”

“சிரிச்சா வருமா?”

“வரும்.”

“அப்போ என்னை வேலைத்தளத்துக்குள்ளேயே விட மாட்டாங்க சிஸ்டர்.”

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியிலிருந்து, சிறுநீரை உறிஞ்சுகிற பேட் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். எடை பார்த்தார்.

“எவ்வளவு லோடு தாங்கும்?”

“முந்நூறு மில்லி.”

“பரவாயில்லை. சின்னக் கிரேன்.”

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு டன் பலகையை அறுபது மீட்டரிலிருந்து இறக்கி, தரையில் சத்தம் வராமல் வைக்கிற கைகள். அவை அந்தப் பேடை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மேலே மடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

நர்ஸம்மா மகளைப் பார்த்தார். “அடுத்த விஷயத்துக்கு பொண்ணு வெளியில இருக்கட்டுமா?”

“பரவாயில்லை சிஸ்டர், நான்தான் நோட்ஸ் எடுக்கறேன்” என்றாள் மகள்.

“சரி. புருஷன் பொண்டாட்டி உறவு.” மகளின் பேனா நின்றது. “நரம்பைக் காப்பாத்தப் பார்ப்பாங்க. காப்பாத்தினாலும் அது தூங்கிடும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தூங்கலாம். எழுந்திருக்காமலும் போகலாம். மாத்திரை இருக்கு, வேற வழியும் இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்.”

“எங்க வயசுக்கு என்ன சிஸ்டர்” என்றார் கிரேன்காரர், பிளாஸ்டிக் இடுப்பைப் பார்த்துக்கொண்டு.

“உங்களுக்கு ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு வயசுக்காரர் ஒருத்தர் நேத்து இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டுப் போனார்.” நர்ஸம்மா மனைவியின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?”

கேட்க ஒரு மூட்டை இருந்தது. “இல்லை” என்றாள்.

“அப்போ இந்தத் தாளை முடிச்சுடலாம். போன ரத்தப் பரிசோதனை சரியா எடுத்ததான்னு பதிவு பண்ணணும். முந்தின ரெண்டு நாள் சைக்கிள் ஓட்டினீங்களா?”

“இல்லை.”

“காய்ச்சல்?”

“இல்லை.”

“நீர்க்கடுப்பு? புது மாத்திரை?”

“இல்லை, இல்லை.”

“முந்தின ரெண்டு நாள்ல தாம்பத்திய உறவு? ஏன்னா அதனாலயும் நம்பர் ஏறும்.”

“இல்லை” என்றார் கிரேன்காரர். முந்தின இல்லைகளைவிடக் கொஞ்சம் வேகமாக.

நர்ஸம்மா ‘இல்லை’ என்று எழுதினார். மகள் தரையைப் பார்த்தாள். மனைவி நர்ஸம்மாவின் பேனாவைப் பார்த்தாள்.

அந்தப் பன்னிரண்டு ஊசிக்குப் பிறகு அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. சிறுநீரில் ரத்தம் போயிற்று. அது நின்ற பிறகு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. உனக்குக் காலை ஷிஃப்ட், நான் புரண்டு படுத்தால் உன் தூக்கம் கெடும் என்று சொல்லித் தலையணையை ஹாலுக்கு எடுத்துப் போனார். ஒரு வாரத்துக்கு என்று போனது கிட்டத்தட்ட இரண்டு வருடமாயிற்று. பேச்சுக்கும் கேலிக்கும் குறைவில்லை. ஆனால் ஒரே வீட்டில் நல்லபடியாகப் பழகுகிற இரண்டு பேர் என்ற அளவில் வாழ்க்கை நின்றுவிட்டது. டாக்டர் அதைக் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் அதற்கு இடம் இல்லை.

நாலாவது சோதனைக்கு முந்தின நாள், சைக்கிள் கூடாது என்பதால் அவர் பஸ்ஸில் போயிருந்தார். திரும்பி வரும்போது அவளுடைய நிலையத்தில்தான் வண்டி மாற வேண்டும். அவள் ஷிஃப்ட் முடிகிற நேரம். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள். எத்தனையோ வருடம் கழித்து. வேலைத்தளத்தில் அன்றைக்குக் கடைசித் தளம் போட்டாயிற்று என்று அவர் சொன்னார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பேச்சு முடியவில்லை என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார்கள். வீட்டில் மகள் இன்னும் ஆபீஸிலிருந்து வந்திருக்கவில்லை.

அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பது வருடமான இரண்டு பேர். ஹாலில் இருந்த தலையணை அன்று மாலை உள்ளே வந்தது. ஏழு புள்ளி நான்கு வந்த அன்றைக்கு மறுபடி ஹாலுக்குப் போயிற்று.

வகுப்பு முடிந்து அவர் தண்ணீர் குடிக்க வராந்தாக் கோடிக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

“ஏங்க பொய் சொன்னீங்க?”

“எதை?”

“எதைன்னு என் வாயால வேற சொல்லணுமா?”

அவர் காகிதக் கோப்பையை நிரப்பினார். “பொண்ணு பக்கத்துல நோட்டோட உட்கார்ந்திருக்கா. என்ன சொல்லச் சொல்றே? எழுதிக்கோ மேடம், இன்ன தேதி, இன்ன நேரம்னா?”

“நம்பர் அதனால ஏறியிருந்தா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாமா? அப்போ வாங்க, டாக்டர்கிட்ட சொல்லுவோம்.”

“வேண்டாம் மைக்கு.”

அவர் குரலில் கேலி இல்லாததைக் கேட்டு அவள் நின்றாள்.

“இறங்கும்னே வச்சுக்கோ” என்றார். “அஞ்சரை. அப்புறம்? ஆறு மாசம் கழிச்சு மறுபடி. மேலே கூண்டுல காத்து மீட்டர் ஒண்ணு இருக்கு. காத்து ஒரு அளவுக்கு மேல போனா, கொக்கியை விட்டுட்டு இறங்கிடலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இதுல இறங்கவே விட மாட்டேங்கறாங்க. ரெண்டு வருஷமா மீட்டரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். போதும். எனக்கு இறங்கணும்.”

முப்பது வருடத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

“இதை ஏன் என்கிட்ட சொல்லலை?”

“நீ கேக்கலை.”

“நீங்க வெறும் தேதியைத்தான் சொன்னீங்க. கேக்க எங்க இடம் வச்சீங்க?”

அவர் தண்ணீரைக் குடித்தார். கோப்பை காலியான பிறகும் குடித்தார்.

“இறங்கணும்னா இறங்குங்க” என்றாள் அவள். “பேட் நான் வாங்கித் தரேன். குழாயை நான் பிடிச்சுக்கறேன். மத்தது இல்லைன்னாலும் நான் ஒண்ணும் ஓடிப் போயிட மாட்டேன். ஆனா தப்பான மீட்டரைப் பார்த்து இறங்காதீங்க.”

அவர் பதில் சொல்வதற்குள், “அம்மா” என்று கூப்பிட்டாள் மகள். கையில் ஃபைல். முகம் வெளுத்திருந்தது. அம்மாவை ஜன்னல் ஓரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“நீங்க பேசினது கேட்டுச்சு. நர்ஸ் கடைசியா கேட்டாங்களே, அது அந்தத் தாள்லயே இருந்துச்சும்மா.”

“எந்தத் தாள்ல?”

ஃபைலிலிருந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்துக் காட்டினாள். பொடி எழுத்து. மூன்றாவது வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. “நான்தான் விட்டுட்டேன். அப்பாவுக்கு இதை எப்படி எழுதறது? நாலு விதமா எழுதிப் பார்த்தேன். ஒவ்வொண்ணும் மிக்சி புத்தகம் மாதிரி இருந்துச்சு. சரி, இவங்களுக்கு எதுக்குன்னு...”

“எங்களுக்கு எதுக்குன்னு?”

“அப்பா ஹால்லதானே தூங்கறார்.”

அம்மா மகளைப் பார்த்தாள். மூன்று வாரமாக அடைத்துக் கிடந்தது எங்கேயோ கழன்றுகொண்டது. சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்; தோள் குலுங்கியது.

“சிரிக்காதம்மா. ஒரு வரி விட்டதுக்கு அப்பாவை வெட்டப் பார்த்தாங்க. என் வேலையில இப்படி விட்டா சீட்டைக் கிழிச்சுடுவாங்க.”

“உன் வேலையில நீ எங்களுக்கா எழுதறே?” அம்மா தன் கைக்குட்டையால் மகளின் கண்ணைத் துடைத்தாள். “அழாதே. ஃபைலைக் குடு.”

டாக்டரின் அறைக் கதவு வரைக்கும் வேகமாகப் போனாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பேர் கேட்கிற குரல். எதிரே ஒரே ஒரு ஆள், நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி போட்ட சாதுவான மனிதர்.

“சொல்லுங்கம்மா.”

“நர்ஸம்மா எழுதின தாள்ல ஒரு தப்பு டாக்டர்.”

“எங்கே?”

“அஞ்சாவது கேள்வி.”

டாக்டர் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். “இல்லைன்னு எழுதியிருக்கு.”

“ஆமான்னு எழுதணும்.”

டாக்டருக்கு அது போய்ச் சேர இரண்டு வினாடி ஆயிற்று. “ஓ. எப்போ?”

“முந்தின நாள் சாயங்காலம்.”

பின்னால் கதவு திறந்தது. “ரத்தம் கொடுத்த அன்னிக்குக் காலையிலயும்” என்றது ஒரு குரல்.

அவள் திரும்பினாள். கிரேன்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது மடல்கூடச் சிவந்திருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. பின்னாளில் அவரை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் வந்து நிற்கிற முகம் அதுதான்: ஐம்பத்தெட்டு வயதில், வெட்கத்தோடு, கொஞ்சம் பெருமையோடு.

“சொல்றதுன்னு ஆனப்புறம் சரியா சொல்லணும் இல்லையா” என்றார். “அரைகுறையா லோடு சொன்னா கயிறு அறுந்துடும்.”

டாக்டர் குனிந்து எழுதினார். எழுத வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார்.

நிமிர்ந்தபோது முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். “இதனால மட்டும்தான் ஏறிச்சுன்னு நான் சொல்ல முடியாது. இதனாலயும் ஏறும். அதனால அந்த நம்பரை நம்பி எதுவும் செய்யக் கூடாது. இன்னிக்கே மறுபடி எடுத்துடலாம். சைக்கிள்?”

“நாலு நாளா லீவு. தொடலை.”

“இந்த ரெண்டு நாள்ல...”

“மூணு வாரமா பேச்சே இல்லை டாக்டர்” என்றாள் மனைவி.

“நல்லது” என்று சொல்லிவிட்டு, டாக்டர் உடனே திருத்திக்கொண்டார். “ரத்தத்துக்கு நல்லது. ரிசல்ட் நாளைக்கழிச்சு வரும். பழைய இடத்துக்கு இறங்கிட்டா, காத்திருக்கலாம்னு நான் சொல்லுவேன். இறங்கலைன்னா ஊசி குத்திப் பார்த்துத்தான் ஆகணும். ஆனா ஒண்ணு. நம்பர் இறங்கினாலும், இந்தக் காத்திருக்கிறதை என்னால தாங்க முடியலை, எடுத்துடுங்கன்னு கேக்கறவங்க உண்டு. அது தப்பு இல்லை. யோசிச்சு, தெரிஞ்சு கேக்கணும், அவ்வளவுதான்.”

கிரேன்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“இன்னொரு சங்கடம்” என்றார் டாக்டர். “அந்த வாரத்து ஆபரேஷன் பட்டியல் இன்னிக்கு சாயங்காலம் மூடறாங்க. இடத்தை வச்சுக்கறதா, விடறதான்னு கீழே கவுண்ட்டர்ல சொல்லிடுங்க. விட்டா, அடுத்த இடம் கிடைக்க ரெண்டு மாசம் ஆகும்.”

ரத்தம் எடுக்கிற இடத்தில் மகள் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். ஊசி ஏறும்போது அவர் எப்போதும் கூரையைப் பார்ப்பார். இன்றைக்கும் பார்த்தார். பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்ததும் மகள் ஆரம்பித்தாள்.

“அப்பா, அந்த வரியை நான்தான்...”

“கேட்டேன். வராந்தாவுல நீ அழுதது லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு.”

“ஸாரிப்பா.”

அவர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். சட்டைக் கையை இறக்கினார். பொத்தானைப் போட்டார். “நீ எழுதியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?”

“படிச்சிருப்பீங்க.”

“படிச்சிருப்பேன். படிச்சுட்டு, மேடம் சொன்னதை மீறக் கூடாதுன்னு அன்னிக்கும் ஹால்லயே படுத்திருப்பேன்.” மகளின் தலையில் லேசாகத் தட்டினார். “நல்லவேளை, விட்டே.”

“அப்பா, போதும். இதை இப்படியே நிறுத்திக்குவோம்.”

“நிறுத்திட்டேன்.”

“ஆபீஸ்ல யாராவது கேட்டா, பரீட்சையில அப்பா ஃபெயில்னு சொல்லிக்கறேன்” என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரை நாள் வேலைக்காவது போகிறேன் என்று மகள் கிளம்பினாள். வாசல் கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

கீழே கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டர் திரையில் பெயரைத் தேடி எடுத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“ஒன்பதாம் தேதி. வச்சுக்கறீங்களா, விட்டுடறீங்களா?”

கிரேன்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று தனக்குத் தெரியும் என்றுதான் மனைவி நினைத்தாள். வச்சுக்கறோம் என்பார். சிமெண்ட் லோடு குரலில் சொல்லுவார். அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாயை மூடினார். திரும்பினார்.

“என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார்.

மூன்று வாரமாக அவள் காத்துக்கொண்டிருந்த கேள்வி. கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஷிஃப்ட்டில் இரண்டு அறிவிப்புக்கு நடுவே அவள் எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருக்கிறாள். வேண்டாங்க, எனக்கு நீங்க இப்படியே வேணும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பதில் என்று இன்று காலை வரை இருந்தாள். இப்போது அவர் சொன்ன காற்றும் அந்த மீட்டரும் அவள் மனதிலும் ஏறிவிட்டன. வேண்டாம் என்றால் அவரை மறுபடி அந்தக் கூண்டில் ஏற்றி உட்காரவைக்க வேண்டும். வேண்டும் என்றால் ஒரு மாலை நேரத்து நடையை, திரும்பி வந்த தலையணையை, அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல ஆகும்.

“சார், வச்சுக்கறீங்களா?” என்றாள் கவுண்ட்டர் பெண்.

“பட்டியலை எத்தனை மணிக்கு மூடறீங்கம்மா?” என்று கேட்டாள் மனைவி.

“அஞ்சு மணிக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

“அஞ்சு மணிக்குள்ள சொல்றோம்” என்றாள். அவர் முழங்கையைப் பிடித்து, சுவரோரம் போட்டிருந்த நாற்காலி வரிசைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவர் உட்கார்ந்தார். அவள் நடுவில் இடம் விடாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இப்போ சொல்லுங்க” என்றாள். “முதல்ல இருந்து. அந்தக் கூண்டுக்குள்ள உங்களுக்கு எப்படி இருக்கு?”